இடுப்பு வலின்னு சொல்லப் போயி

அந்த ஒரு வார்த்தைதான் என்னை மாட்டி விட்டுச்சு. வெள்ளக்காரத் தொரை இன்னும் பங்களாவுல இருந்த காலம். வட்டகொடைப் பக்கம் எங்க தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாகிட்ட போயி, "இடுப்பு வலிங்க"ன்னேன். மனுசன் தலையைக்கூட தூக்கல. துண்டு எழுதி மருத்துவச்சிகிட்ட அனுப்பிட்டாரு. அந்தம்மா வயித்தைத் தடவிக்கிட்டே, "எத்தனை மாசம்?"னு கேக்குது. எம் புருசன் செத்தே அஞ்சு வருசம்! சாயந்தரத்துக்குள்ள நாங்க குடியிருக்குற லயத்து வீடுங்க பூரா பரவிருச்சு. "புள்ள எப்ப?"ன்னு சிரிக்கிறாளுங்க, பாவிங்க.

சிரிப்பைக்கூட தாங்கிக்கலாம். இடது தொடை இடுப்போட சேர்ற எடத்துல எட்டு மாசமா வலி. நான் நொண்டுறதைப் பாத்துட்டு கங்காணி, "நீ கொழுந்தெடுக்க மலைக்கு வர வேணாம். புள்ளக் காம்பராவுல தொட்டில் ஆட்டிக்கிட்டு கெட"ன்னுட்டாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பதினாலு வயசுலேர்ந்து கொழுந்தெடுத்த கை இது. மல்லுக்கு நின்னதுல, மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன், மத்தவங்க அளவுக்கு எடுத்தா இருன்னாரு.

மறுநாளே டிஸ்பென்சரிக்குத் திரும்பப் போயி, இடுப்பெலும்புல படார்னு தட்டிக் காட்டினேன். "புள்ள வலி இல்லீங்க ஐயா, எலும்பு வலி. ஒழுங்கா பாருங்க." அவரு மூஞ்சி ஒரு மாதிரியாப் போச்சு. படுக்க வச்சு காலை மடக்கி நீட்டிப் பாத்துட்டு, "சரிவுல எந்தக் காலை ஊனி நிப்பே?"ன்னாரு. இத்தன வருசம் நின்னும் எனக்குத் தெரியல!

அன்னைக்குத்தான் கவனிச்சேன். எப்பவும் ஒரே பக்கத்துலேர்ந்து தேயிலைச் செடி நெரை புடிச்சு, பள்ளத்துல இடது கால். கூடை பாரம் பூரா அது மேலதான்.

அதுக்கப்புறம், பாரம் கால் மாறட்டும்னு, ஒரு நெரையை இந்தக் கோடியிலேர்ந்து, அடுத்ததை அந்தக் கோடியிலேர்ந்து எடுத்தேன். கங்காணி முணுமுணுத்தாரு, காதுலயே போட்டுக்கல. விடியக்காலம் பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி, ஐயா சொன்ன மாதிரி ஒருக்களிச்சுப் படுத்து பத்துத் தடவை காலைத் தூக்கி எறக்குவேன். மொத வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு அழுதேன். சாயந்தரம் உப்பை வறுத்து முடிஞ்சு ஒத்தடம். வலி முழுசாப் போகல, இன்னைக்கும் மழைன்னா வந்துரும். ஆனா நடை நேராச்சு.

மாசக் கடைசி. கொழுந்து நிறுக்கிற மடுவத்துல கங்காணி தராசுகிட்டயே நிக்கிறாரு. பின்னாலேர்ந்து ஒருத்தி, "என்னடி, புள்ள பொறந்துச்சா?"ன்னா.

நெறஞ்ச கூடையை எறக்கி தராசுல மாட்டினேன். "இந்தா பொறந்துருச்சு. நிறுத்துப் பாத்துச் சொல்லச் சொல்லு."

கங்காணி முள்ளைப் பாத்தாரு, சிரிப்பை அடக்க முடியல அவரால. "சரி சரி, நாளைக்கும் மலைக்கே வா"ன்னாரு.