கொலோன் தேவாலய வாசலில் எங்கள் சப்பாத்துகள்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த என் மச்சாளுக்கு, கணவரின் அக்காவுக்கு, ஊர் காட்ட வேண்டும், செலவும் கூடக் கூடாது. ஆகவே கணவரும் நானும் பிள்ளைகள் இருவரோடும் அவவைக் கூட்டிக்கொண்டு, ஜேர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம் நகரிலிருந்து சாதாரண ரயிலில், பையில் இடியப்பமும் சம்பலுமாகக் கொலோன் பெரிய தேவாலயத்துக்குப் போனோம்.

வாசலுக்கு வந்ததும் மச்சாள் சப்பாத்தைக் கழற்றினா.

"இஞ்சை கழட்டத் தேவையில்லை மச்சாள்" என்றேன்.

"சாமி இருக்கிற இடத்துக்குள்ளை சப்பாத்தோடை போறதே? எனக்கு ஏலாது."

அவவை மட்டும் வெறுங்காலோடு விட மனமில்லை. ஐந்து சோடியையும் சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போனோம். கல்லுத் தரை ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. வண்ணக் கண்ணாடிகளை அண்ணாந்து பார்த்ததில் கால் விறைத்ததே தெரியவில்லை.

வெளியே வந்தால் சப்பாத்துகளைக் காணவில்லை! "இனி வெறுங்காலோடை ரயில் ஏறுறதே?" என்று கணவர் என்னில் பாய்ந்தார்.

மகள்தான் கண்டுபிடித்தாள். எங்கள் சப்பாத்துகள் வைத்த இடத்திலேயே இருந்தன. அவற்றை மறைத்தபடி முன்னாலும் பக்கத்திலும் ஒரு குவியல் சப்பாத்து! எங்கள் வரிசையைக் கண்ட சுற்றுலாக்காரர்கள் இதுதான் இங்கத்தை முறை என்று நினைத்துவிட்டார்கள். வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று அப்போதும் பக்குவமாகக் கழற்றிக்கொண்டிருந்தது.

"பாத்தீரே, அவைக்கு விளங்குது" என்றா மச்சாள். சிரித்த சிரிப்பில் என்னால் லேஸ் கட்ட முடியவில்லை.

இப்போது புது இடத்துக்குப் போனால் வாசலில் நின்று மற்றவர்களின் காலைத்தான் முதலில் பார்க்கிறேன். ஆனால் அவர்கள் யாருடைய காலைப் பார்த்து வந்தார்களோ, ஆர் கண்டது!