அண்ணியின் விமானமும் ஆண்டுக் கட்டணமும்

என் கணவருக்கு அந்தக் கிரெடிட் கார்டைக் கொடுத்தவன் கவரைப்பேட்டைக்கு அருகே ஒரு பெட்ரோல் பங்கில் டை கட்டிக்கொண்டு நின்றிருந்தான். மே மாத வெயிலில் டை கட்டி நின்ற ஒருவனிடம் முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை என்பது அவர் பிற்பாடு சொன்ன காரணம். உண்மையான காரணம், கார்டின் மேல் இருந்த விமானப் படம்.

அவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் கம்பிகளின் தரம் பார்ப்பவர். நான் ஒரு தமிழ் நாளிதழுக்கு அந்தப் பகுதிச் செய்திகளை எழுதிவந்தேன். இரண்டு வேலையிலும் விமானம் ஏற வாய்ப்பில்லை. செலவு செய்யச் செய்யப் புள்ளிகள் சேரும், புள்ளிகள் சேர்ந்தால் விமான டிக்கெட் கிடைக்கும் என்பது கார்டின் வாக்குறுதி. முதல் ஆண்டு இலவசம். இரண்டாம் ஆண்டிலிருந்து கட்டணம். இந்தக் கடைசித் தகவலை மட்டும், எங்கள் பத்திரிகையில் தொலைந்துபோன சான்றிதழ் பற்றிய விளம்பரத்துக்குப் போடும் எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

கார்டு சில மாதங்கள் பீரோவில் சும்மா இருந்தது. அதற்கு வேலை கொடுத்தவர் என் கணவரின் அக்கா. எனக்கு அண்ணி. திருப்பாச்சூரில் இருந்தார். டெல்லியில் இருந்த அவருடைய மகள் இரண்டாவது முறை உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடந்தாயிற்று. இது டெல்லியிலேயே என்று முடிவாகி, அண்ணி அங்கே போகவேண்டியிருந்தது. அவருக்கோ முழங்கால் வலி.

உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து விருந்தில், பந்தியில் உட்கார்ந்தபடி என் கணவர் அறிவித்தார்: “அக்கா, ரெண்டு நாளு ரயில்ல குந்திக்கினு போவாத. பிளேன்ல போ. டிக்கெட்டு என் பொறுப்பு. அஞ்சு பைசா கெடையாது.”

பந்தியில் சொன்னதைத் திரும்பப் பெற முடியாது. பாயசம் ஊற்றியவர்வரை கேட்டுவிட்டார்கள்.

ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் ஊரில் கார்டு தேய்க்கும் மெஷின் எந்தக் கடையிலும் இல்லை. பெட்ரோல் பங்கில் இருந்தது. அங்கே தேய்த்தால் தனியாக ஒரு தொகை பிடித்தார்கள். ஆகவே ஞாயிறுதோறும் மின்சார ரயிலில் சென்னைக்குப் போனோம். உறவினர்கள் ரொக்கத்தை இவரிடம் கொடுத்து, மிக்ஸி, கட்டில், சீர்ப் புடவை எல்லாவற்றையும் இவர் கார்டில் வாங்கிக்கொண்டார்கள். பயணப் புள்ளிக்காக நாங்கள் செய்த பயணங்களுக்கு ஒரு புள்ளியும் இல்லை என்பதைக் குறித்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை.

மளிகைகூடச் சென்னையிலிருந்து வந்தது. ஒருமுறை ரயிலில் எதிரே இருந்த ஊர்க்காரர் ஒருவர் எங்கள் பையை எட்டிப் பார்த்து என்னைக் கேட்டார்: “இன்னாம்மா, நம்ம ஊர்ல தொவரம்பருப்பு கெடைக்கலியா? பேப்பர்ல நீ எழுதவே இல்லியே?”

வழக்கமாக நாங்கள் துணி எடுக்கும் கடைக்காரர், பழவேற்காட்டிலிருந்து வந்த பாய், பஜாரில் மடக்கினார்.

“இன்னா சார், கண்ணுலயே பட மாட்டேன்றீங்க?”

என் கணவர் கார்டைப் பற்றி நீளமாக விளக்கினார். பாய் பொறுமையாகக் கேட்டார்.

“எங்கிட்டயும் கடன் உண்டு சார். அதுக்கு வருஷா வருஷம் நான் டப்பு வாங்கறதில்ல.”

மறு மே மாதம் வந்தது. கட்டணம் கேட்டு பில்லும் வந்தது. புள்ளிகள் டிக்கெட்டுக்குக் கொஞ்சம் குறைந்தன. கட்டணம் கட்டாவிட்டால் கார்டு போகும், கார்டு போனால் புள்ளிகளும் போகும். கட்டினால், டிக்கெட் இலவசம் என்று சொல்ல முடியாது. நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டார்.

“ரயில் டிக்கெட் எடுத்திருக்கலாம்” என்றேன்.

“அது தெரியும். வேற எதாவது சொல்லு.”

அந்த நேரத்தில்தான் அண்ணி வந்து இறங்கினார். பழைய வேட்டித் துணிகளும் பிரசவ லேகியமும் அடங்கிய பையைக் கதவோரம் வைத்துவிட்டு, “பிளேனு என்னிக்கிடா?” என்றார். தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கறந்தார். பிறகு, “அந்தக் கம்பெனிக்குப் போனப் போடு” என்றார்.

வங்கியின் சேவைப் பிரிவுப் பெண் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் கார்டின் சொந்தக்காரர் பதில் சொன்னார். ஸ்பீக்கரைப் போட்டதும் அண்ணி முன்னால் வந்தார்.

“இந்தாம்மா கண்ணு. எந்தம்பி வருஷம் பூரா பருப்புக்குக் கூட இதத்தான் தேய்ச்சான். அதுக்கு மேல நீ வேற துட்டு கேட்டா இன்னா நாயம்? எங்களுக்கு வேணாம். கட் பண்ணிடு.”

விலை குறைக்காத மீன்காரம்மாவிடம் ‘கூடையைத் தூக்கு’ என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பும்போது அவரிடம் வரும் குரல் அது. எதிர்முனையில் இசை போட்டார்கள்.

“அக்கா, புள்ளியெல்லாம் பூடும்!” என்றார் என் கணவர்.

“சும்மா இர்றா. வருவா.”

வந்தாள். நல்ல வாடிக்கையாளர் என்பதால் இந்த ஆண்டு கட்டணம் தள்ளுபடி என்றாள்.

“சந்தோசம். கொசுறா கொஞ்சம் புள்ளி போட்டுக் குடு தாயி.”

மீண்டும் இசை. கொசுறும் கிடைத்தது. டிக்கெட்டுக்குக் குறைந்தது சரியாகிவிட்டது. அப்போதுதான் அந்தப் பெண் சொன்னாள்: இலவச டிக்கெட்டை மூன்று வாரத்துக்கு முன்பே பதிவு செய்யவேண்டும். மகளுக்கு மருத்துவர் சொல்லியிருந்த நாள் அதற்கு முன்னாலேயே இருந்தது.

“உள்ள இருக்கற கொழந்தைய கொஞ்சம் பொறுத்துக்கினு வரச் சொல்லட்டுமா?” என்று அண்ணி அவளைக் கேட்டார். அவள் மூன்று வார விதியை இன்னொரு முறை வாசித்தாள்.

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணிதான் முடித்துவைத்தார். “பொறக்கற தேதிதான்டா நம்ம கையில இல்ல. திரும்பி வர்ற தேதி எங்கையிலதான இருக்குது? போறதுக்கு ரயிலு. வர்றதுக்கு இதப் போட்டுடு.”

கீழ் பெர்த்துக்காக என் கணவர் விடியுமுன்பே ரயில் நிலையத்தில் வரிசையில் நின்றார். அண்ணி போய்ச் சேர்ந்த வாரமே பேரன் பிறந்தான். மூன்றாம் மாதம் அவர் விமானத்தில் திரும்பினார். இலவச டிக்கெட்டுக்கு வரி மட்டும் கட்டவேண்டியிருந்தது. அதை என் கணவர் அக்காவிடம் சொல்லாமல் கார்டிலேயே தேய்த்தார். அதற்கும் புள்ளி விழுந்தது.

மீனம்பாக்கத்தில் வெளியே வந்த அண்ணியிடம் எப்படி இருந்தது என்று கேட்டோம்.

“ஏறிக் குந்தினேன். ஒரு பொண்ணு தண்ணி குடுத்தா. எறங்குன்னுட்டாங்க. முட்டி வலிக்கறதுக்கே நேரம் இல்லடா தம்பி.”

என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்கு அதில் தூசி எதுவும் இல்லை.

அடுத்த மே மாதம் பில் வந்தபோது, இந்தமுறை தானே பேசுவதாகச் சொன்னார். அடுத்த விமானம் எனக்கு என்று பேச்சு. கதவைச் சாத்திக்கொண்டு, தொண்டையைச் செருமி, “கட் பண்ணிடுங்க” என்றார். இசைக்காகக் காத்திருந்தார். “நிச்சயமாகவா சார்?” என்று கேட்டாள் ஒரு பெண், வேறு பெண். மானம் கருதி ஆமாம் என்றார். “ரத்து செய்துவிட்டோம் சார். இந்த நாள் இனிய நாளாகட்டும்.”

அண்ணிக்குப் போன் செய்து முறையிட்டார். சிரித்து முடிக்க அண்ணிக்குச் சற்று நேரமாயிற்று.

“டேய், கூடையத் தூக்குன்னு சும்மா சொல்லக் கூடாதுடா. தூக்கிக்கினு போனா போவட்டும்னு இருக்கற மீனுக்குத்தான் அதச் சொல்லணும். நான் அன்னிக்கு பிளேனு இல்லாங்காட்டி ரயில்ல போறதுக்குத் தயாராத்தானே பையோட வந்தேன்?”

அந்தத் தீபாவளிக்குப் பாய் கடையில் துணி எடுத்தோம்.