பெங்குயினுக்காகக் கூனியை விட்ட பிள்ளைகள்

கொரோனா ஓய்ந்து பாடசாலைகள் ஒழுங்காக நடக்கத் தொடங்கிய காலம். நான் கலியாணம் முடித்துச் சாய்ந்தமருதுக்கு வந்து ஒரு வருஷமும் ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பது வழக்கம். நான் சம்மாந்துறை வயல்காரர் வீட்டுப் பிள்ளை. கடல் என்றால் பெருநாளைக்குப் போய்க் கால் நனைக்கிற இடம், அவ்வளவுதான். ஆனால் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்பதால் 'தெரியாது' என்று சொல்லிப் பழக்கமில்லை.

மாமா மௌத்தாகிப் பல வருஷம். மாமி கூனிச் சம்பல் செய்து விற்றுத்தான் என் மனைவியைப் படிப்பித்தார், வீட்டையும் கட்டினார். கூனி தெரியும்தானே, நகத்தளவுகூட இல்லாத குட்டி இறால். அதைக் காயவைத்து வறுத்து, செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் சேர்த்து மாமி இடிக்கத் தொடங்கினால் தெருவில் போகிறவர்களுக்கும் பசி வரும். கட்டாருக்குப் போகிற பிள்ளைகளின் சூட்கேஸில் உடுப்புக்கு முன்னால் மாமியின் சம்பல் பைக்கற்தான் ஏறும். "மருமகன்ட சம்பளம் அவர்ட பொஞ்சாதி புள்ளைக்கி. என்ட செலவுக்கு என்ட கூனி இரிக்கி" என்பது அவருடைய கொள்கை. என்னிடம் ஒரு சதம் வாங்கமாட்டார்.

அப்படிப்பட்ட கூனியில்தான் நான் கைவைத்தேன்.

ஏழாம் வகுப்புக்குத் தென்துருவக் கடலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெங்குயின், சீல், திமிங்கிலம் எல்லாம் நம்பியிருப்பது 'கிரில்' என்ற சின்ன உயிரைத்தான் என்றதும் வகுப்பு கொல்லென்று சிரித்தது. பாடசாலைக்கு முன்னால் உள்ள ஹோட்டலில், கண்ணாடிப் பெட்டிக்குள் கிரில் கோழி நாள் முழுக்கச் சுழன்றுகொண்டிருக்கும். "சேர், பெங்குயின் மயோனைஸும் கேக்குமா?" என்றான் ஒருவன். இனி இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு பாடம் நகராது என்று விளங்கிவிட்டது. "சரி, கிரில விடுங்க. அதுவும் கூனிமாதிரித்தான். கூனி எண்டே வெச்சுக்குவம்" என்றேன். அந்த 'வெச்சுக்குவம்' மட்டும் ஒருவர் காதிலும் விழவில்லை.

சொல் மாறியதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. கூனி என்றால் அவர்கள் வீட்டுச் சமாச்சாரம் அல்லவா! நானும் உற்சாகத்தில் அள்ளி விட்டேன். கடல் ஐஸுக்கு அடியில் ஒட்டியிருக்கும் பாசியைத் தின்றுதான் கூனிக் குஞ்சு குளிர்காலத்தைத் தாண்டுகிறது, கடல் சூடாகி ஐஸ் குறைந்தால் கூனிக்கும் சாப்பாடு இல்லை என்றேன். அது போதாதென்று பெரிய கப்பல்கள் வந்து, பண்ணை மீனுக்குத் தீனி, மனிதருக்கு எண்ணெய் மாத்திரை என்று, பெங்குயின் இரை தேடுகிற இடத்திலேயே கூனியை அள்ளுகின்றன என்றேன். போனில் ஒரு வீடியோவும் காட்டினேன். பெங்குயின் குஞ்சு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, கடலுக்குப் போன தாயைக் காணவில்லை. முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை தேம்பித் தேம்பி அழுதாள். இப்படியல்லவா பாடம் நடத்த வேண்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அந்தக் கிழமை முடிவதற்குள் மாமிக்கு வந்த ஓடர்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. பிள்ளைகள் கூனியைத் தொடுகிறார்கள் இல்லையாம். கூனி தின்றால் எங்கேயோ ஒரு பெங்குயின் குஞ்சு மௌத்தாகுமாம். தேத்தண்ணிக் கடைக்குப் போனால் அங்கே கதை இன்னும் வளர்ந்திருந்தது. "கூனிக்கு அரசாங்கம் தடை போடப் போகுதாம்" என்றார் ஒருவர். "தடை இல்ல காக்கா. ஐஸ் உருகின தண்ணி நம்மட கடலுக்கு வந்து கூனியெல்லாம் பழுதாப் போச்சாம். ஒரு சேர்தான் கண்டுபுடிச்சிருக்காரு" என்றார் மற்றவர். எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது.

வீட்டில் அதைவிட மோசம். "ஆரோ ஒரு சேராம்! புள்ளைகளுக்கு இதத்தான் படிச்சிக் குடுக்கிறயா? அவன்ட வீட்டுல பொம்புள இல்லியா, அவனுக்கு மாமியார் இல்லியா?" என்று திட்டித் தீர்த்தபடியே, விற்காமல் கிடந்த சம்பலை மாமி என் பீங்கானில் வைத்தார். மூன்று நேரமும் அதுதான் சாப்பாடு. விஷயம் தெரிந்த என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். நான் தலை நிமிராமல் தின்றேன்.

சனிக்கிழமை காலை, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் காயப்போட்ட கூனிக்குக் காகம் விரட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த தெருப் பெண் ஒருவர் சம்பல் பைக்கற்றுகளைத் திருப்பிக் கொடுக்க வந்தார். "புள்ள திங்குதில்ல ராத்தா, என்னையும் திங்க உடுதில்ல" என்று மாமியிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பின்னால் இருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அன்றைக்கு அழுத அதே பிள்ளை!

"உம்மா, இவர்தான் அந்த சேர்!" என்றாள். பிறகு என் கையில் இருந்த கம்பையும் பாயில் கிடந்த கூனியையும் பார்த்து, நம்பியவரே கைவிட்டதுபோன்ற குரலில், "சேர்... நீங்களா கூனி காயப் போடுற?" என்றாள்.

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். மாமி என்னைப் பார்த்தார், கூனியைப் பார்த்தார். அவருடைய பல வருஷ உழைப்பைக் கவிழ்த்தவன் அவர் சோற்றையே தின்றுகொண்டு அவர் முற்றத்திலேயே நிற்கிறேன். வரப்போகிற வார்த்தைக்குக் கண்ணை மூடிக்கொண்டேன். மாமி அந்தப் பெண்ணிடம், "எங்கட மருமகன் சொன்னா அது சரியாத்தான் இரிக்கும். தாங்க, காசத் திருப்பித் தாறன்" என்றார். வியாபாரம் போனாலும் ஊருக்கு முன்னால் மருமகனை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது.

அவர்கள் படலை தாண்டியதும் மாமி உள்ளே திரும்பி மகளுக்குச் சொன்னார். "உன்ட மாப்புளக்கிச் சொல்லு, ஸ்கூல் தொறந்ததும் இதச் சரிக்கட்டச் சொல்லி. இல்லாட்டி இந்தக் கூனி முழுக்க அவர்தான் திண்டு முடிக்கணும்."

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் மேடையில் ஏறி நின்றேன். அந்தக் கடலில் இருப்பது கிரில், சின்னவிரல் நீளத்துக்கு வளரும், ஐஸ் கடலில் வாழ்வது. எங்கள் கூனி எங்கள் கடலில் பிடிப்பது, அதைத் தின்பதால் எந்தப் பெங்குயினுக்கும் பசி வராது என்று தொண்டை கிழியச் சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். இடைவேளையிலேயே ரொட்டியும் கூனிச் சம்பலும் வெளியே வந்துவிட்டன. பின்னேரமே மாமியின் போன் அடிக்கத் தொடங்கியது.

அன்றிரவு மாமி எனக்கு மீன் பொரித்துப் போட்டார். மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாமி எதிரே வந்து உட்கார்ந்து அந்த வீடியோவைக் காட்டச் சொன்னார். குஞ்சு வாயைப் பிளந்து நிற்பதை நெடுநேரம் பார்த்தார்.

"மகன், இப்ப எல்லாம் சரியா?"

"ஓம் மாமி, சரியாப் போச்சு. எல்லாப் புள்ளையும் சாப்புடுது."

"அந்தக் கப்பல் அள்ளுறத்த உட்டுட்டா?"

"இல்ல மாமி."

"ஐஸ்?"

"அது உருகுதுதான்."

"அப்ப என்னத்தச் சரிக்கட்டின நீங்க?" என்றார். குத்திக் காட்டவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.

இப்போதும் வருஷா வருஷம் அந்தப் பாடத்தை நடத்துகிறேன். ஒரு சொல் பிசகாமல், படம் கீறி, சரியாகத்தான் சொல்கிறேன். ஆனால் பிழையாகச் சொன்ன அந்த ஒரு தடவைக்குப் பிறகு, எந்தப் பிள்ளையும் பெங்குயின் குஞ்சுக்காக ஒரு வாய்ச் சோற்றை ஒதுக்கி வைத்ததில்லை என்பது மட்டும் நெஞ்சுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது.