டீசலைச் சுத்தம் செய்த மண்

முப்பிடாதி பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். டீசல் வாடைதான் காரணம். எந்த சோப்புப் போட்டாலும் போகாது. இடைசெவலிலிருந்து கோவில்பட்டிக்குத் தினமும் போய்வரும் இந்தப் பெண்ணுக்கு லாரிப் பட்டறையில் என்ன சோலி என்று புது ஆட்கள் நினைப்பார்கள். கல்லூரியில் பிஎச்டி செய்கிறாள் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். சில நாட்களில் அவளுக்கே நம்பிக்கை வராது.

ஆராய்ச்சி இதுதான். டீசலில் கந்தகம் இருக்கிறது. புகையை விஷமாக்குவதில் அதற்குப் பெரிய பங்கு. ஆலைகளில் ஏகப்பட்ட செலவு செய்து அதை எடுக்கிறார்கள். நம் கரிசல் மண்ணைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, அதன் வழியே டீசலைச் சொட்டச் சொட்ட வடித்தால் கந்தகம் மண்ணில் தங்கிவிடாதா என்று அவளுடைய கைடு பேராசிரியர் கண்ணபிரானுக்கு ஒரு யோசனை. கரிசலின் ஒட்டும் குணத்தை, மழைக்காலத்தில் அதில் நடந்தவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

"மண்ணு கொண்டாம்மா" என்றார். முப்பிடாதி வேறு எங்கே போவாள்? சொந்தப் புஞ்சையில் ஒரு சாக்கு வெட்டி வந்தாள். காயவைத்து, இடித்து, சலித்து, குழாயில் அடைத்தாள். முதல் தடவையே கந்தகம் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. கண்ணபிரான் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். வெளிநாட்டு இதழில் கட்டுரை வந்தது. உள்ளூர்ப் பேப்பரில் போட்டோவும் வந்தது. நடுவில் அவர், ஓரத்தில் பாதித் தோளோடு முப்பிடாதி.

அந்தச் சாக்கு காலியானதும் பிடித்தது சனியன்.

அடுத்த சாக்கு மண் எதையும் பிடிக்கவில்லை. அதே புஞ்சையில்தான் வெட்டினாள். ஓட்டப்பிடாரத்து மண், கயத்தாற்று மண் என்று பஸ்ஸில் சுமந்து வந்து பார்த்தாள். உள்ளே போன டீசல் அப்படியே வெளியே வந்தது. கண்ணபிரான் முதலில் குழாயைக் குறை சொன்னார், அப்புறம் கருவியை. கடைசியில், "ஒன் வேலையிலதாம்மா ஏதோ கோளாறு" என்றார். அதை மூன்று வருஷம் சொன்னார்.

விட்டுவிட்டு ஓடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வெளிவந்துவிட்ட கட்டுரையில் அவள் பெயரும் இருக்கிறது. கைடை மாற்றினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உதவித்தொகை நின்றுபோயிற்று. பொண்ணு கேட்டு வந்தவர்களிடம் "படிப்பு முடியட்டும்" என்று சொல்லிச் சொல்லி, இப்போது யாரும் வருவதில்லை. தெரியாமல் ஏதாவது மோசடி செய்துவிட்டோமோ என்ற பயம் வேறு நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. குழாய்க்குள் அடைபட்டது மண் மட்டுமில்லை.

அவள் அய்யா செல்லத்துரை ஆடு வளர்ப்பவர். அறுப்பு முடிந்த நிலங்களில் கிடை போடுவார். ராத்திரியெல்லாம் ஆடுகளை நிலத்தில் அடைத்து வைத்தால் மூத்திரமும் புழுக்கையும் விழுந்து நிலம் உரமேறும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கயத்தாறு பக்கம் கிடையில் இருந்தவருக்கு முப்பிடாதி சோறு கொண்டுபோனாள். திரும்பும்போது செருப்பில் அப்பிய மண்ணைக் கல்லில் தட்டினாள். புழுக்கைகள் உதிர்ந்தன. தட்டிய கை அப்படியே நின்றது.

முதல் சாக்கிலும் புழுக்கை கிடந்தது! சல்லடையில் தங்கியதைக் கல்லோடு கல்லாக வெளியே கொட்டியவள் அவள்தான். டவுன் பிள்ளையாக இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இது என்ன என்று கேட்டு எழுதி வைத்திருக்கும். ஆட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் புழுக்கை மண்ணோடு சேர்த்திதான். அதை எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை.

"அய்யா, நான் மொதல்ல மண்ணு வெட்டுன வருசம் நம்ம புஞ்சையில கிடை கெடந்துச்சா?"

"கெடந்துச்சே. அதுக்கென்ன இப்போ?"

கிடைக்கு உள்ளே கொஞ்சம், வெளியே கொஞ்சம் என்று மண் அள்ளினாள். உள்மண் கந்தகத்தைப் பிடித்தது. வெளிமண் பிடிக்கவில்லை. மூத்திரத்தில் இருந்த ஏதோ ஒன்று மண்ணின் இடுக்குகளில் புகுந்து வேலை செய்திருக்கிறது. மறு வருஷம் மழையும் வெள்ளாமையும் அதைக் கொண்டுபோய்விட்டன. திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு, ஆய்வகத்திலேயே உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான்.

கண்ணபிரானுக்கும் சந்தோஷம். ஆனால் டீ ஆறுவதற்குள் முகம் மாறிவிட்டது.

"கரிசல் மண்ணுன்னு ஊர் பூரா சொல்லியாச்சு. இப்போ போயி ஆட்டு மூத்திரம்னா சிரிக்க மாட்டாங்களா? கட்டுரையத் திருப்பி வாங்கணும்பாங்க. நான் ரிட்டயர் ஆகப் போற நேரம்."

"அதுக்கு என்ன செய்ய சார்?"

"கிடை மண்ணையே எடு. கரிசல் மண்ணுன்னே எழுது. பொய்யா அது? கரிசல்தான? ஒனக்கும் டாக்டர் பட்டம் வந்துரும். வீட்டுக்குப் போ."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் சங்கடம். உதவித்தொகை நின்றபோது பரீட்சைப் பேப்பர் திருத்தும் வேலை வாங்கித் தந்தவர். வீட்டுக்குப் போ என்ற சொல்லில் முப்பிடாதி விழுந்துவிட்டாள். அப்படியே எழுதிக் கொடுத்தாள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

வைவா நாள். படித்ததை எல்லோர் முன்பும் பேசி, கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் அன்றைக்கே டாக்டர். கடைசி வரிசையில் செல்லத்துரை வெள்ளை வேட்டியோடு, கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேள்வி கேட்கக் கோயம்புத்தூரிலிருந்து சுதாராணி என்ற பேராசிரியர் வந்திருந்தார். எல்லாம் நல்லபடியாகப் போயிற்று. முடிக்கும் நேரத்தில் அந்த அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார்.

"எங்ககிட்ட ஒரு புள்ள உங்க கட்டுரையப் பார்த்துட்டு எங்க ஊரு கரிசல்ல செஞ்சு பார்க்குதுங்க. ரெண்டு வருஷமா வரவே மாட்டேங்குது. எனக்கு ஒண்ணுமே தெரியலைன்னு, படிப்பை விட்டுட்டுப் போறேங்குது. நாங்க என்னம்மா தப்புப் பண்றோம்?"

கண்ணபிரான் முந்திக்கொண்டார். "ஊருக்கு ஊரு மண்ணு மாறும்ல மேடம்."

அந்த அம்மா தலையாட்டினார். அதோடு விட்டுவிடத் தயாராகத்தான் இருந்தார். முப்பிடாதி வாயைத் திறக்காமல் நின்றால் போதும், டாக்டராகி வெளியே போயிருப்பாள்.

"மண்ணு இல்ல மேடம். நான் வெட்டுன எடத்துல ஆட்டுக் கிடை கெடந்துச்சு. அதை நாங்க எழுதல."

கண்ணபிரான் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவரைப் பார்க்க முப்பிடாதிக்குப் பாவமாக இருந்தது. சுதாராணி வைவாவை நிறுத்தினார். கட்டுரையைத் திருத்த வேண்டும், கிடை மண்ணையும் வெறும் மண்ணையும் வரிசையாகச் சோதித்துப் புதிதாக எழுத வேண்டும், இதே கைடிடம், இதே ஆய்வகத்தில் என்றார். இன்னும் இரண்டு வருஷமாவது ஆகும்.

பிறகு என்ன நினைத்தாரோ, செல்போனில் தன்னிடம் படிக்கும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு முப்பிடாதியிடம் நீட்டினார்.

"தங்கச்சி, நான் கோவில்பட்டியில இருந்து பேசுதேன். ஒன் மேல தப்பே இல்ல. நீ சரியாத்தான் செஞ்சிருக்க. நாங்கதான் ஒண்ணைச் சொல்லாம விட்டுட்டோம்."

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. இந்த வார்த்தையை முப்பிடாதியிடம் யாரும் சொன்னதில்லை.

ஆட்கள் எழுந்து போவதைப் பார்த்துச் செல்லத்துரை பொட்டலத்தோடு வந்தார்.

"முடிஞ்சிருச்சா தாயி? குடுக்கட்டுமா?"

"அந்தக் கோயம்புத்தூர்ப் பிள்ளைக்குக் கஷ்டம் முடிஞ்சிருச்சுய்யா. நமக்கு இன்னும் கெடக்கு."