தூண்டிலைப் பிடுங்கிய டீச்சர்

அந்தப் பள்ளிக்கூடத்தின் இங்கிலீஷ் டீச்சருக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வைத்த பெயர் 'அப்படின்னா மிஸ்'. யார் என்ன பதில் சொன்னாலும், அது சரியோ தப்போ, கையைக் கட்டிக்கொண்டு "அப்படின்னா?" என்று கேட்பார். சரியான பதில் சொன்னவனுக்கே தன் பதில் மேல் சந்தேகம் வந்துவிடும். பெயர் வைத்த விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. மற்ற ஆசிரியர்களுக்கு வைத்த பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, தன் பாடு தேவலை என்று விட்டுவிட்டார்.

ஆள் உயரமில்லை. குரல் மட்டும் சுவரைத் தாண்டிப் போய் அடுத்த அறையின் கணக்குப் பாடத்தைக் கலைக்கும். அவருடைய கணவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வருகிறவர்களிடம் எல்லாம், "எழுத்து தெரியலைன்னா நான் பாத்துக்கறேன். தெரிஞ்ச எழுத்து புரியலைன்னா எங்க வீட்டம்மாகிட்ட போங்க" என்று சொல்லிச் சிரிப்பார். பாதிப் பேர் உண்மையாகவே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். அன்றைக்கு வீட்டில் கணவருக்குப் பூசை விழும்.

இவ்வளவு கறாரான டீச்சர், தான் படித்த காலத்தில் இங்கிலீஷில் மார்க்கை அள்ளியது எப்படி என்று கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். எல்லாம் தூண்டில்தான். பிள்ளைகளின் பாஷையில் தூண்டில் என்றால், கேள்வியில் இருக்கும் ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு பத்தியில் தேடுவது. அது எந்த வரியில் சிக்குகிறதோ அந்த வரியை அப்படியே இழுத்து விடைத்தாளில் போடுவது. பத்தியைப் படிக்க வேண்டாம், புரிந்துகொள்ளவும் வேண்டாம். பத்தி மீனவரைப் பற்றியதா மின்விசிறியைப் பற்றியதா என்று தெரியாமலேயே முழு மார்க்கும் வாங்கிவிடலாம்.

அப்படி வாங்கிய மார்க்கை நம்பி, சலவை இயந்திரம் விற்கும் ஒரு கம்பெனியில் அவரை வேலைக்கு எடுத்தார்கள். முதல் வாரமே ஓர் அம்மாள் வந்து, இயந்திரம் பாதியில் நிற்கிறது, அதோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது பாருங்கள் என்றார். இவரும் எழுந்து நின்று ஏற்ற இறக்கத்தோடு ஒரு பக்கம் முழுக்க வாசித்தார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தாம்மா வாசிக்கிற. இப்ப மெஷின் ஓடுமா?" என்றார். இவருக்கு ஒரு வரிகூடப் புரிந்திருக்கவில்லை. முகம் சிவந்து போயிற்று. அந்த வெட்கம் அவரைச் சும்மா விடவில்லை. தினமும் பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில் ஒரு பக்கம் படிப்பார், மூடி வைப்பார், சமையலறையில் இருக்கும் தங்கையிடம் போய் அதைக் கதையாகச் சொல்வார். தங்கை ஒரு வம்புக்காரி, "அப்படின்னா?" என்று குறுக்கே குறுக்கே கேட்பாள். சொல்ல முடியாத இடத்தில் ஓடிப்போய் மறுபடி படிப்பார். இங்கிலீஷ் அவருக்கு வந்தது அந்தச் சமையலறையில்தான். அதற்கப்புறம் வேலையை விட்டுவிட்டு ஆசிரியர் பயிற்சிக்குப் போனார்.

பல வருடம் சின்ன வகுப்புகளை ஓட்டிய பிறகு, கேட்டுக் கேட்டு வாங்கியது இந்தப் பத்தாம் வகுப்பு. பிள்ளைகள் வாதாடவும் சந்தேகப்படவும் தொடங்கும் வயது அது என்பதால் அவருக்கு அந்த வகுப்பின் மீது தனிப் பிரியம். அந்த வருடத்தின் முதல் பரீட்சையில் வாசிப்புப் பகுதியில் வகுப்பே முழு மார்க் வாங்கியிருந்தது. தலைமையாசிரியருக்குத் தரையில் கால் பாவவில்லை. டீச்சரும் சந்தோஷமாகத்தான் வகுப்புக்குள் போனார்.

பரீட்சையில் வந்தது ஒரு படகோட்டியின் கதை. புயலில் படகு கவிழ்கிறது. இருந்த ஒரே மிதவையை ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிடுகிறான். மறுநாள் காலையில் மீனவர்களுக்கு அவனுடைய தொப்பி மட்டும் கிடைக்கிறது. அதோடு கதை முடிகிறது. மீனவர்களுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு ஒருவர் விடாமல் தொப்பி என்று எழுதியிருந்தார்கள்.

"பாவம் இல்ல அந்த ஆளு?" என்றார் டீச்சர், பேச்சுவாக்கில்.

வகுப்பு விழித்தது. முதல் பெஞ்சில் இருந்த பெண் எழுந்தாள். எப்போதும் நூற்றை ஒட்டியே மார்க் வாங்குவதால் அவளுக்கு 'நூறு' என்றே பெயர். "ஏன் மிஸ் பாவம்? அதான் தொப்பி கிடைச்சிடுச்சே. காலையில குடுத்திருப்பாங்க" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அதில்தான் டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மனிதன் செத்துப் போயிருக்கிறான், வகுப்பு முழுக்க அவன் தொப்பியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு ராத்திரி அத்தனை விடைத்தாளையும் மறுபடி எடுத்துப் பார்த்தார்.

மறுநாள் தூண்டிலைப் பிடுங்கினார். இனிமேல் கேள்வித்தாள் கடைசியில்தான் கைக்கு வரும். முதலில் பத்தியைப் படிக்க வேண்டும், கவிழ்த்து வைக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவரிடம் வீட்டில் பேசுகிற தமிழில் அதைச் சொல்ல வேண்டும். தெரியாத வார்த்தை வந்தால் உடனே அகராதிக்கு ஓடக்கூடாது. முன்னால் இருக்கும் வரியையும் பின்னால் இருக்கும் வரியையும் விசாரித்து, அர்த்தம் இதுவாக இருக்கலாம் என்று பென்சிலால் எழுதிய பிறகுதான் அகராதியைத் திறக்கலாம். "புதுசா ஒருத்தர் தெருவுக்குக் குடி வந்தா அக்கம்பக்கத்துல விசாரிப்போம்ல, அது மாதிரி" என்றார். சொந்த வார்த்தையில் எழுதாமல் வரியை இழுத்துப் போட்டால் பாதி மார்க் வெட்டு.

வகுப்பு முனகியது. முதல் இரண்டு வாரம் அறையே சந்தைக்கடை. ஒருவன் எரிமலையைப் பற்றிய பத்தியைப் படித்துவிட்டு அதைச் சமையல் குறிப்பாகச் சொன்னான். கொதிக்கிறது, வழிகிறது என்பதை வைத்து அவனாகவே ஊகித்தது. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சர் அவனைத் திட்டவில்லை. தப்பாகவாவது புரிந்துகொள்ள ஆரம்பித்துவிட்டான் என்று அவருக்கு உள்ளுக்குள் குஷி.

அடுத்த பரீட்சையில் மார்க் தடாலென்று விழுந்தது. 'நூறு' வாங்கியது அறுபத்தொன்று.

தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனிதர் இல்லை. பெற்றோர்களுக்கும் மேலிடத்துக்கும் நடுவில் நசுங்குகிறவர்.

"டீச்சர், நல்லா ஓடிட்டிருந்த வண்டியை ஏன் பிரிச்சுப் போட்டீங்க?"

"ஓடலை சார். சரிவுல உருண்டுட்டு இருந்துச்சு."

"இந்தப் பேச்சுக்கெல்லாம் குறைச்சல் இல்ல. சனிக்கிழமை பெத்தவங்க கூட்டம். அவங்க வேண்டாம்னு சொன்னா பத்தாம் வகுப்பை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் என் மேல வருத்தப்படக்கூடாது."

வருத்தம் இல்லாமல் எப்படி இருக்கும்? வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் கணவரிடம் சொன்னார். "பழையபடி விட்டுட்டா வகுப்பு உனக்கே இருக்கும்ல?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். "இருக்கும். அந்தப் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் இருக்காது" என்றவர், முகத்தைக் கழுவிவிட்டு வந்து ஒரு காகிதத்தை எடுத்து எழுத உட்கார்ந்தார். எழுதும்போதே சிரிப்பு வந்தது. கணவர் எட்டிப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. "அப்படித்தாங்க இருக்கணும்" என்றார் டீச்சர்.

சனிக்கிழமை கூடத்தில் நாற்காலி போதவில்லை. பிள்ளைகள் சுவரோரம் நின்றார்கள். முதலில் எழுந்தது 'நூறு'வின் அப்பா. டயர் கடை வைத்திருப்பவர். மைக் இல்லாமலே ஊருக்குக் கேட்கும். "என் பொண்ணு தொண்ணூத்தெட்டுக்குக் கீழ வாங்கினதே இல்ல. அறுபத்தொண்ணுங்கிறாங்க. பொண்ணு மக்கா, இல்ல சொல்லிக் குடுக்கறவங்க சரியில்லையா?" சுற்றிலும் தலைகள் ஆடின.

டீச்சர் மைக்கை வாங்கினார். "உங்க எல்லாருக்கும் ஒரு சின்னப் பரீட்சை. தமிழ்லதான். பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, காகிதத்தைப் பார்த்து நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"ஒரு குமிட்டன் தன் செகுளியைத் துமட்டையில் நெருளினான். செகுளி பிசலிவிட்டதால், அவன் டொங்கனை அழைத்துக்கொண்டு பொருணலுக்குப் போனான்."

கூடம் திகைத்தது. டீச்சர் கண்டுகொள்ளாமல் கேள்வி கேட்டார். "குமிட்டன் எதை நெருளினான்?"

"செகுளியை" என்றார்கள் நாலைந்து பேர்.

"எங்க?"

"துமட்டையில!" இப்போது பாதிக் கூடம்.

"யாரைக் கூட்டிட்டுப் போனான்?"

"டொங்கனை!" டயர் கடைக்காரர் குரல் தனியாகக் கேட்டது.

"எதுக்காகப் பொருணலுக்குப் போனான்?"

"செகுளி பிசலிடுச்சுல்ல, அதனாலதான்" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. தலைமையாசிரியர் தன்னை மறந்து சொல்லிவிட்டார்.

"எல்லாருக்கும் நூத்துக்கு நூறு" என்றார் டீச்சர். "இப்ப யாராவது சொல்லுங்க. இந்தக் கதையில என்ன நடந்துச்சு?"

சிரிப்பு எழுந்து, மெல்ல அடங்கியது. ஓர் அம்மா, "யாரு கண்டா அந்தக் குமிட்டனை?" என்று முணுமுணுத்தார்.

"எல்லாம் நானா இட்டுக்கட்டின வார்த்தை, எதுக்கும் அர்த்தம் இல்ல. உங்க பிள்ளைங்க இத்தனை வருஷமா இப்படித்தான் மார்க் வாங்கினாங்க" என்றார் டீச்சர். "நானும் இப்படித்தான் வாங்கினேன். வேலைக்குப் போன இடத்துல மாட்டிக்கிட்டேன். அவங்க அங்க போய் மாட்டிக்க வேண்டாம்னு பாக்கறேன். மார்க் திரும்ப ஏறும், கொஞ்சம் நாளாகும். அதுக்குள்ள என்னை மாத்தணும்னா மாத்துங்க."

டயர் கடைக்காரர் அசையவில்லை. "வேடிக்கை நல்லாத்தான் இருக்கு. மத்தவங்க எப்படியோ, என் பொண்ணு புரிஞ்சு படிக்கிறவ. அவளையே கேளுங்க."

எல்லோரும் சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். டீச்சர் மைக்கை இறக்கினார். இந்தப் பெண் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் வகுப்பு போய்விடும். அறுபத்தொன்று வாங்க வைத்ததற்காக அவள் மாற்றிச் சொன்னாலும் குறை சொல்ல முடியாது.

அவள் தரையைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். "இல்லப்பா. முன்னாடி எனக்கு ஒண்ணும் புரிஞ்சதில்ல. தேடித் தேடி எழுதினேன். இந்த அறுபத்தொண்ணுதான் நானா படிச்சு எடுத்தது."

அந்தப் பெரிய குரல் இறங்கிப் போனது. "அப்ப இத்தனை நாளா ஏம்மா சொல்லலை?"

"நீங்க மார்க் எவ்வளவுன்னுதானேப்பா கேப்பீங்க. புரிஞ்சுதான்னு கேட்டதில்லையே."

டயர் கடைக்காரர் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து நாற்காலிக்காரர்கள் அவரைப் பார்க்காமல் அவரவர் பிள்ளைகளைப் பார்த்தார்கள். ஓரிருவர் மட்டும், இதெல்லாம் பொதுத்தேர்வுக்கு ஆகுமா என்று விடாமல் கேட்டார்கள். தலைமையாசிரியர் மைக்கைத் தட்டி, வருடக் கடைசி வரைக்கும் பத்தாம் வகுப்பு இந்த டீச்சரிடமே இருக்கும், அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்.

கூட்டம் கலைந்ததும் டயர் கடைக்காரர் டீச்சரிடம் வந்தார். வண்டிச் சாவியை விரலில் சுற்றினார். "வீட்டுல நான் என்ன செய்யணும் மிஸ்?"

"படிச்சதைச் சொல்லச் சொல்லுங்க. நடுவுல எதுவும் சொல்லாம கேளுங்க."

"அவ்வளவுதானா?"

"உங்களுக்கு அதுவே கஷ்டம்தான்" என்றார் டீச்சர். டயர் கடைக்காரரும் சிரித்துவிட்டார்.

டீச்சர் மேசையை ஒழுங்கு செய்துவிட்டு வெளியே வந்தபோது வாசலில் ஆள் நடமாட்டம் இல்லை. அப்பாவும் மகளும் மட்டும் நின்றிருந்தார்கள். அவள் கையை வீசி வீசி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் வண்டியில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், அவள் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.