வெறுந்தோட்டா

ரைபிள் ‘கிளிக்’ என்றது. வெடிக்கவில்லை. ஆனாலும் என் கண் மூடி, குழல் தாழ்ந்துவிட்டது. துப்பாக்கியின் உதைக்குப் பயப்படுகிறேனா என்று பார்க்க, பயிற்சியாளர் எனக்குத் தெரியாமல் மருந்தில்லாத வெறுந்தோட்டாவைப் போட்டிருந்தார். அம்மாவை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

கேரளத்துப் போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் அப்பாவுக்குக் காட்டுப்பன்றி சுடும் வேலை. துப்பாக்கி தோளில் உதைக்குமே என்ற பயத்தில் குறி தவறுவார். அதனால் ஞாயிறுதோறும் எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் தகர டப்பாவைச் சுட்டுப் பழகுவார். தோட்டா போட்டுக் கொடுப்பது அம்மா. நடுநடுவே வெறுந்தோட்டாவையும் கலந்துவிடுவாள்.

கிளிக்.

“என்னங்க, வெறுந்தோட்டாவுக்கே கண்ண மூடியாச்சா?”

“பேசாம அடுத்தத போடுடி.”

அப்பாவின் தோள் கன்றிப்போயிருக்கும் வாரங்களில் வெடிச்சத்தம் ஒன்றிரண்டுதான் கேட்கும்; மற்றதெல்லாம் கிளிக். நல்ல தோட்டாக்கள் அம்மாவின் மடியில் ஒளிந்திருக்கும். நான் பார்த்துவிட்டால் உதட்டில் விரல் வைத்து, “அப்பாகிட்ட மிண்டாதே, மோளே” என்பாள்.

அன்று மாலை உப்பு ஒத்தடம் கொடுக்கும்போது அப்பா பெருமையாகச் சொல்வார்: “இன்னைக்கு அவ்வளவா நோவல. பழகிட்டேன், பாத்தியா?”

“எந்தினா சிரிக்குன்னது?” என்று என் சிரிப்புக்குக் காரணம் கேட்டபடி பயிற்சியாளர் அடுத்த தோட்டாவைப் போட்டார். என் தோளும் கன்றித்தான் இருந்தது. இதுவும் வெறுந்தோட்டாதான் என்று நம்பி விசையை அழுத்தினேன்.

தோள் அதிர்ந்தது. அவர் என் அம்மா இல்லையே.