துடைக்காமல் விட்ட பொட்டு

உடைத்த பூசணிக்காயும் மெஷின் ஆயிலும் கலந்தால் ஒரு வாசனை வரும். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து காலை ஷிஃப்டுக்குள் நுழைந்தவர்களுக்கு அது தெரியும்...

ஓசூரில் நான் ஷிஃப்ட் இன்ஜினியராகச் சேர்ந்த புதிது. மூக்கண்டப்பள்ளியில் ஒற்றை அறை. கடவுள் இல்லை என்று ஹாஸ்டல் நாட்களிலிருந்தே வாதாடி ஜெயித்தவன். மனிதன் தன் முடிவைத் தானே எடுக்கிறான், வேறு யாரும் இல்லை என்பேன்.

அன்று பெரிய பிரஸ் ஓடவில்லை.

அச்சில் வைத்த இரும்புத் தகட்டை மேலிருந்து அடித்து வடிவமாக்கும் மெஷின் அது. ஒவ்வொரு அடிக்கும் முன்பு ஆபரேட்டரின் கை உள்ளே போய்த் தகட்டை வைத்துவிட்டு வர வேண்டும். கை உள்ளே இருந்தால் மெஷின் அடிக்காமலிருக்க முன்பக்கம் ஒரு சென்சார். ஆபரேட்டர் முனிராஜ் பூஜையன்று பொட்டு வைத்தபோது அந்த சென்சாரின் கண்ணாடியையும் விடவில்லை. கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். உள்ளே யாரோ கை வைத்திருப்பதாக நினைத்து மெஷின் அசையாமல் நின்றது.

துடைக்கச் சொன்னேன். முனிராஜ் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நாட்றாம்பாளையத்துக்காரர், வீட்டில் கன்னடம். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“சாமிக்கு வெச்சது சார். தானா உதிரணும். நாம எடுக்கக் கூடாதுங்க.”

சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். படித்தவன் நான் எதற்கு இருக்கிறேன் என்று கர்ச்சீப்பை எடுத்தேன்.

அப்போதுதான் இன்டர்காம் அடித்தது. புரொடக்‌ஷன் மேனேஜர்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் உட்கார்ந்து நான் வரைந்த அச்சு டிசைனைத் தன்னுடையது என்று கஸ்டமரிடம் காட்டிக் கைதட்டு வாங்கியவர். அந்த மீட்டிங்கில் ஃபேன் ஸ்விட்ச் போட மட்டும் என்னைக் கூப்பிட்டார். இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

மெஷின் நிற்கும் காரணத்தைச் சொன்னேன். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கிற குரலில் கேட்டார்.

“நீ இன்ஜினியரிங் படிச்சியா, பூசாரிக்குப் படிச்சியா? தொடச்சுட்டு ஓட்டுய்யா.”

நாலு பேர் சிரித்தார்கள்.

கர்ச்சீப்பை மடித்துப் பாக்கெட்டில் வைத்தேன். “சாமி விஷயம் சார், ஆளுங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க. வேணும்னா நீங்களே வந்து தொடைங்க” என்று வைத்துவிட்டேன். ஏசி அறையிலிருந்து அந்த மனிதர் ஷாப் ஃப்ளோர் முழுக்க நடந்து வந்து, எல்லோர் முன்னாலும் சாமி பொட்டைத் துடைத்துக் கெட்ட பெயர் வாங்க வேண்டும்... அது மட்டுமே என் ஆசை. பக்தி ஒரு துளியும் இல்லை. சுத்தமான வன்மம்.

அவர் வருவதற்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள்ளேயே அது நடந்தது.

யாரும் தொடாமல், பிரஸ்ஸின் மேல்பாகத்தில் நின்றிருந்த அத்தனை எடையும் தானாகக் கீழே விழுந்தது. தரை அதிர்ந்தது. எங்கோ தூரத்தில் ஒரு ஸ்பேனர் உருண்டு விழுந்த சத்தம்கூடக் கேட்டது. அவ்வளவு அமைதி.

“தேவரே...” என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார் முனிராஜ்.

திறந்து பார்த்தோம். அந்த எடையை மேலேயே பிடித்து நிறுத்தும் பிரேக்கின் உள்ளே ஒரு போல்ட் முறிந்திருந்தது. வெளியிலிருந்து தெரியவே தெரியாது. இதில் என்னை நடுங்க வைத்த விஷயம், சென்சார் ஒழுங்காக வேலை செய்திருந்தாலும் இதைத் தடுத்திருக்காது. அடிக்கச் சொல்லும் சிக்னலைத்தான் அது நிறுத்தும். விழுகிற எடையைப் பிடிக்காது. நான் துடைத்திருந்தால் அந்த நேரத்தில் முனிராஜின் வலது கை உள்ளே தகடு வைத்துக்கொண்டிருக்கும்.

முன்னெச்சரிக்கையாக மெஷினை நிறுத்தச் சொன்னதே தான்தான் என்று மேனேஜர் ரிப்போர்ட் எழுதிக்கொண்டார். அது வேறு கதை.

எத்தனையோ வருடம் இதையே யோசித்திருக்கிறேன். துடைக்காதது என் முடிவு. அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த முடிவில் முனிராஜின் கை எங்கேயும் இல்லை. என் கோபம் மட்டும்தான் இருந்தது. பிறகு யார் அந்தக் கையைக் கணக்கில் வைத்துக்கொண்டது?

போன மாதம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் முனிராஜைப் பார்த்தேன். ரிட்டயர்டாகி ஊரில் ராகி போடுகிறார். டீ குடிக்கும்போது உண்மையைச் சொல்லிவிட்டேன். உங்கள் சாமிக்காக இல்லை, அந்த ஆள் மேலிருந்த ஆத்திரத்தில்தான் விட்டேன் என்று.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

“நானும் சொல்லிடறேன் சார். ஊர்ல இருந்து பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன் அன்னைக்கு. உடம்பு முடியல. மெஷின் நின்னா ஒரு மணி நேரம் உக்காரலாம்னுதான் அப்படிச் சொன்னேன். பொட்டைத் தொடச்சா ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கும் தெரியும்.”

இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அவருக்கு அலுப்பு. எனக்கு வன்மம். சாமியை இரண்டு பேருமே சாக்காகத்தான் வைத்தோம். சாக்குச் சொன்ன இடத்தில் நிஜமாகவே ஏதோ வந்து நின்றுவிட்டதா?

அந்த வயதில் இப்படி யாராவது கேட்டிருந்தால் பதில் ரெடியாக வைத்திருப்பேன். தற்செயல் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். இப்போது அந்த வார்த்தை வாய் வரை வந்து நின்றுவிடுகிறது...

அவர் ஊர்ப் பக்கம் போகும் அஞ்செட்டி பஸ் வந்தது. கூட்டத்தில் முண்டி, வலது கையால் கம்பியைப் பிடித்து ஏறினார் முனிராஜ். ஐந்து விரலும் கம்பியைச் சுற்றி இறுகியிருந்தன. பஸ் கிளம்பித் திரும்பும் வரை அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.